எரிவாயு மின்கலமும் அதன் வரவு செலவுக் கணக்கும்

ஏரிப் பாசனம் உள்ள ஊரில் நடவுக்கு முன் கணக்குப் பார்ப்பது வழக்கம். ஏரிக்கு வந்த நீர் எவ்வளவு, மடை வழியே சென்றது எவ்வளவு, வெயிலில் ஆவியானது எவ்வளவு, இருப்பு எவ்வளவு என்பனவற்றை அறியாமல் எத்தனை ஏக்கர் நடலாம் என்று தீர்மானித்தல் இயலாது. ஏரியின் அடிக்குச் சென்று எவரும் அளப்பதில்லை. கரையின்மீது நின்று, வரவையும் செலவையும் கொண்டு, கண்ணுக்குப் புலப்படாத இருப்பை அறிந்துகொள்கிறோம்.

இதே முறையைக் கொண்டு விஞ்ஞானிகள், 800 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணத்தில் செந்தணலாய்க் கனலும் ஒரு மூடிய சாதனத்தின் உள்ளே நிகழ்வதை அறிகிறார்கள். அச்சாதனம் எரிபொருள் மின்கலம். அதனுள் கண்ணால் பார்க்கவோ, வேண்டிய இடமெல்லாம் உஷ்ணமானி வைக்கவோ இயலாது. கணக்கு ஒன்றே அங்கு நமக்குக் கண்ணாக அமைகிறது. இக்கணக்கையே கணித மாதிரி என்று அழைக்கிறார்கள்.

இதைக் கிராமத்தார் அறிவதனால் பயன் என்ன என்ற வினா எழலாம். சாண எரிவாயுவின் பெரும்பகுதி மீதேன் என்னும் வாயு. அதை இயந்திரத்தில் எரித்து மின்சாரம் எடுத்தால், அதன் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு முதல் பத்தில் மூன்று பங்கு வரையே சிறு இயந்திரங்கள் மின்சாரமாகத் தருகின்றன; எஞ்சியது புகையாகவும் வெப்பமாகவும் போகிறது. அதே வாயுவில் ஏறத்தாழப் பாதியை மின்சாரமாக்க வல்லது உயர் உஷ்ண மின்கலம். ஆயினும் அதன் உள்ளே உஷ்ணம் ஒழுங்காகப் பரவாவிடில், பெரும் பொருட்செலவில் வாங்கிய சாதனம் விரிசலுற்றுப் பாழாகும். ஆதாயத்திற்கும் நஷ்டத்திற்கும் இடையில் நிற்பது கணக்கு. ஆகவே அதன் அடிப்படையை நாம் தெரிந்துகொள்ளுதல் நலம்.

எரிபொருள் மின்கலம் என்றால் என்ன?

1839ஆம் ஆண்டில் வில்லியம் குரோவ் என்ற வேல்ஸ் நாட்டு விஞ்ஞானி, ஹைட்ரஜனையும் பிராணவாயுவையும் எரிக்காமலே சேரச் செய்து மின்சாரம் பெறலாம் என்று காட்டினார். 1899இல் ஜெர்மானிய விஞ்ஞானி வால்த்தர் நெர்ன்ஸ்ட், ஸிர்க்கோனியா என்னும் பீங்கானுடன் சிறிது இட்ரியா சேர்த்துச் சூடாக்கினால் அதனூடே மின்சாரம் பாயும் என்று கண்டார். இவ்விரண்டையும் இணைத்து, 1937இல் சுவிட்ஸர்லாந்தைச் சேர்ந்த பௌர், பிரைஸ் என்ற இருவர், ஏறக்குறைய 1,000 டிகிரி உஷ்ணத்தில் இயங்கும் பீங்கான் மின்கலத்தைச் செய்து காட்டினர்.

இக்கலம் மூன்று அடுக்குகளை உடையது. நடுவில் மெல்லிய ஸிர்க்கோனியாப் பீங்கான். ஒரு பக்கம் காற்றுக்கான மின்வாய். மறுபக்கம் நிக்கலும் ஸிர்க்கோனியாவும் கலந்த எரிபொருள் மின்வாய். காற்றிலுள்ள பிராணவாயு எலெக்ட்ரான்களை ஏற்றுக்கொண்டு பீங்கானின் ஊடே மறுபுறம் செல்கிறது. அங்கே ஹைட்ரஜனுடன் சேர்ந்து நீராவியாகிறது. அப்பொழுது விடுபடும் எலெக்ட்ரான்கள் பீங்கான் வழியே திரும்ப முடியாமல் வெளிக்கம்பி வழியே செல்கின்றன. அதுவே நாம் பெறும் மின்சாரம்.

பீங்கான் குளிர்ந்திருந்தால் பிராணவாயு அதனூடே செல்லாது. ஆகவே கலத்தை ஏறத்தாழ 700 முதல் 1,000 டிகிரி வரையிலான உஷ்ணத்தில் வைக்கவேண்டும். பீங்கானுக்குப் பதிலாக உருகிய கார்பனேட் உப்பை உபயோகிக்கும் கலங்களும் உண்டு. அவை ஏறத்தாழ 650 டிகிரியில் இயங்குகின்றன. இக்கட்டுரையில் பீங்கான் கலத்தையே எடுத்துக்கொள்கிறோம்.

வாயுவை உள்ளேயே மாற்றும் முறை

கலத்திற்கு வேண்டியது ஹைட்ரஜன். நம்மிடம் இருப்பதோ மீதேன். மீதேனுடன் நீராவியைச் சேர்த்து, நிக்கலின் முன்னிலையில் சூடாக்கினால், அது கார்பன் மோனாக்ஸைடாகவும் ஹைட்ரஜனாகவும் மாறும். அந்தக் கார்பன் மோனாக்ஸைடு மேலும் நீராவியுடன் சேர்ந்து, கரியமில வாயுவையும் இன்னும் சிறிது ஹைட்ரஜனையும் தரும். ஆக, ஒரு பங்கு மீதேனிலிருந்து நான்கு பங்கு ஹைட்ரஜன் கிடைக்கிறது.

இம்மாற்றத்திற்கு வெளியிலிருந்து உஷ்ணம் ஊட்டவேண்டும். தனியே ஓர் உலை வைத்து இதைச் செய்யலாம். ஆனால் அதற்கெனத் தனிச் செலவு உண்டு. மின்கலத்தைப் பார்த்தால், அங்கு நிக்கலும் இருக்கிறது, உஷ்ணமும் மிகுந்திருக்கிறது, வினையில் பிறக்கும் நீராவியும் இருக்கிறது. அப்படியாயின் மாற்றத்தைக் கலத்தின் உள்ளேயே நடத்திக்கொள்ளலாமன்றோ? இதற்கே உள்மாற்றம் என்று பெயர். எரிபொருள் மின்வாயின் மீதே மாற்றம் நடைபெறுவது நேர்முறை. கலத்தை ஒட்டிய தனி அறையில் நடைபெற்று, உஷ்ணத்தை மட்டும் கலத்திடமிருந்து பெறுவது மறைமுறை.

ஒரு சிறு கணக்கு

இம்முறையின் நன்மையை எண்களால் காண்போம். 16 கிராம் மீதேனை எடுத்துக்கொள்வோம். விஞ்ஞானிகள் கணக்கிடும் ஓர் அளவு அது. அதை முழுதும் எரித்தால் வெளிப்படும் சக்தி 802 கிலோஜூல். அதை நீராவியுடன் ஹைட்ரஜனாக மாற்றுவதற்கு உட்செல்லும் உஷ்ணம் 165 கிலோஜூல். ஆகவே கிடைத்த நான்கு பங்கு ஹைட்ரஜனிலும் அடங்கியுள்ள சக்தி, இரண்டும் சேர்ந்து 967 கிலோஜூல் ஆகும்.

இந்த ஹைட்ரஜன் முழுவதையும் கலத்தில் உபயோகித்துத் தீர்த்துவிடலாகாது; அதன் காரணத்தைப் பின்னர்க் கூறுவோம். நூற்றுக்கு 80 பங்கு உபயோகமாவதாகக் கொள்வோம். கலம் 0.7 வோல்ட்டில் இயங்குவதாகவும் கொள்வோம். 16 கிராம் மீதேன் தரக்கூடிய மின்னளவு 7,71,880 கூலும். அதில் நூற்றுக்கு 80ஐ எடுத்து 0.7ஆல் பெருக்கினால் மின்சாரமாகக் கிடைப்பது 432 கிலோஜூல்.

இப்பொழுது உஷ்ணத்தின் வரவு செலவைப் பார்ப்போம். வினையில் ஈடுபட்ட ஹைட்ரஜனின் சக்தி 774 கிலோஜூல். மின்சாரமாகச் சென்ற 432 போக, கலத்தினுள் உஷ்ணமாகத் தங்குவது 342. அதில் 165ஐ உள்மாற்றம் உறிஞ்சிக்கொள்கிறது. எஞ்சிய 177ஐக் காற்று வெளியே கொண்டுசெல்ல வேண்டும். வினைப்படாத ஹைட்ரஜனுடன் 193 கிலோஜூல் வெளியேறுகிறது. ஐந்தொகையை எழுதினால் பின்வருமாறு அமையும்:

வரவு: மீதேனின் சக்தி 802.
செலவு: மின்சாரம் 432, காற்றுடன் செல்லும் உஷ்ணம் 177, வினைப்படாத வாயுவுடன் செல்வது 193. ஆக மொத்தம் 802.

வரவும் செலவும் ஒத்துவிட்டன. இதிலிருந்து இரண்டு செய்திகளை அறிகிறோம். முதலாவது, மீதேனின் சக்தியில் பாதிக்குச் சற்று மேற்பட்டது மின்சாரமாகிறது. ஒரு கிலோ மீதேனுக்கு இது ஏழரை யூனிட் ஆகும். நூற்றுக்கு 25 பங்கு தரும் இயந்திரமோ மூன்றரை யூனிட்டே தரும். காற்றூதிகளுக்கும் பிற துணைச் சாதனங்களுக்கும் ஆகும் செலவைக் கலத்தின் வருவாயில் கழித்துக்கொள்ளல் வேண்டும். இரண்டாவது, கலத்தில் பிறந்த உஷ்ணத்தில் ஏறக்குறையப் பாதியை உள்மாற்றமே செலவிட்டுவிடுகிறது. உள்மாற்றம் இல்லாவிடில் 342 கிலோஜூலையும் காற்றே சுமந்து செல்லவேண்டும். காற்றூதிக்கு அந்த அளவு மின்சாரமும் கூடுதலாகச் செலவாகும்.

தலைமடையில் குளிர்ச்சி

மொத்தக் கணக்கு சரியாக இருந்தும் ஊரில் பூசல் எழுவதை நாம் அறிவோம். வாய்க்காலில் வந்த நீர் மொத்தத்தில் போதுமானதாக இருக்கும். ஆனால் தலைமடை நிலத்தில் நீர் தேங்கி நிற்க, கடைமடையில் பயிர் வாடும். மொத்தம் சரி, பகிர்வு சரியில்லை. மின்கலத்திலும் இந்நிலை ஏற்படுகிறது.

மீதேன் கலத்தினுள் நுழைந்தவுடன் சூடான நிக்கலின்மேல் படுகிறது. உள்மாற்றம் மிக விரைவானது. ஆகவே மீதேனின் பெரும்பகுதி வாயிலை ஒட்டிய சிறு பகுதியிலேயே மாறிவிடுகிறது. அதற்கு வேண்டிய உஷ்ணம் முழுவதும் அவ்விடத்திலிருந்தே உறிஞ்சப்படுகிறது. மின்சாரம் பிறக்கும் வினையோ கலத்தின் நீளம் முழுவதிலும் பரவி நடைபெறுகிறது. இதனால் தலைமடை குளிர்ந்தும் அதற்கு அப்பால் சூடேறியும் இருக்கும்.

சூடேறிய மண்சட்டியில் தண்ணீரைக் கொட்டினால் விரிசல் விழுவதை நம் வீடுகளில் காண்கிறோம். பீங்கான் மின்கலத்திற்கும் அதுவே ஆபத்து. பத்து சென்டிமீட்டர் நீளமுள்ள ஸிர்க்கோனியாத் தகடு 100 டிகிரி சூடேறினால் ஏறக்குறையப் பத்தில் ஒரு மில்லிமீட்டர் நீளும். ஒரு முனை நீள, மறுமுனை நீளாதிருப்பின், வளைந்துகொடுக்கும் தன்மையற்ற பீங்கான் விரிசலுறும். விரிசலின் வழியே எரிவாயுவும் காற்றும் கலந்து எரிந்தால் கலம் அழியும்.

குளிர்ச்சியால் வேறொரு கேடும் உண்டு. குளிர்ந்த பகுதியில் பீங்கான் மின்சாரத்தை எளிதில் விடாது. ஆகவே அப்பகுதி குறைவாக உழைக்க, மற்றப் பகுதிகள் அதிகமாக உழைத்து மேலும் சூடேறும்.

கடைமடைக்கும் தனி ஆபத்து உண்டு. அங்கு ஹைட்ரஜன் பெரிதும் தீர்ந்திருக்கும். முற்றிலும் தீர்ந்துவிட்டால், பீங்கானின் ஊடே வரும் பிராணவாயு நிக்கலையே பற்றும். நிக்கல் துருவேறிப் பருத்து மின்வாயைப் பிளக்கும். நூற்றுக்கு 80 பங்குக்கு அருகிலேயே உபயோகத்தை நிறுத்திக்கொள்ளும் காரணம் இதுவே.

கணித மாதிரியை அமைக்கும் விதம்

பகிர்வை அறிய வேண்டுமானால், கலத்தை மொத்தமாக எடுத்துக்கொள்ளாமல் பாத்தி பாத்தியாகப் பிரித்துக் கணக்கிட வேண்டும். விஞ்ஞானிகள் கலத்தை வாயு செல்லும் திசையில் பல சிறு பகுதிகளாகப் பிரித்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் மூன்று கணக்குகள் எழுதப்படுகின்றன.

முதலாவது, பொருட்கணக்கு. பகுதிக்குள் வந்த மீதேன், நீராவி, ஹைட்ரஜன், கார்பன் மோனாக்ஸைடு, கரியமில வாயு, பிராணவாயு எவ்வளவு, மாறியது எவ்வளவு, அடுத்த பகுதிக்குச் சென்றது எவ்வளவு என்று எழுதவேண்டும். எந்தப் பொருளும் இல்லாததிலிருந்து தோன்றாது. தோன்றியது இல்லாமற் போகாது.

இரண்டாவது, உஷ்ணக் கணக்கு. வாயுவும் காற்றும் கொண்டுவந்த உஷ்ணம், வினையில் பிறந்தது, உள்மாற்றம் உறிஞ்சியது, பக்கத்துப் பகுதிக்குப் பீங்கான் வழியே பரவியது ஆகியவற்றை எழுதினால், அப்பகுதியின் உஷ்ணநிலை தெரியவரும்.

மூன்றாவது, மின்கணக்கு. உயர் உஷ்ணத்தில் ஒரு கலத்திலிருந்து கிடைக்கக்கூடிய மின்னழுத்தம் ஏறத்தாழ ஒரு வோல்ட். ஹைட்ரஜன் குறைந்து நீராவி மிகுமிடத்தில் அது குறையும். அதிலிருந்து மூன்று இழப்புகளைக் கழிக்கவேண்டும்: பீங்கானின் தடையால் ஏற்படும் இழப்பு, மின்வாய்களில் வினையைத் தொடக்குவதற்கு ஆகும் இழப்பு, வாயு துளைகளின் வழியே சென்றடைவதற்கு ஆகும் இழப்பு. கலத்தின் இருபுறமும் உலோகத் தகடுகள் இருப்பதால், தலைமடையிலும் கடைமடையிலும் மின்னழுத்தம் ஒன்றாகவே இருக்கவேண்டும். மின்னோட்டம் மட்டுமே இடத்திற்கு இடம் மாறும்.

இம்மூன்று கணக்குகளும் ஒன்றையொன்று பற்றி நிற்கின்றன. உஷ்ணநிலை தெரிந்தாலன்றி உள்மாற்றத்தின் வேகம் தெரியாது. வேகம் தெரிந்தாலன்றி ஹைட்ரஜனின் அளவு தெரியாது. அது தெரிந்தாலன்றி மின்னோட்டம் தெரியாது. மின்னோட்டம் தெரிந்தாலன்றி உஷ்ணம் தெரியாது. இந்தச் சுற்றை அவிழ்க்கும் வழி எளிது. முதலில் உஷ்ணநிலையை ஓர் அனுமானத்தால் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கணக்கிடுவார்கள், வந்த விடையைக் கொண்டு உஷ்ணநிலையைத் திருத்துவார்கள், மீண்டும் கணக்கிடுவார்கள். விடை மேலும் மாறாத நிலை வரும்வரை இது தொடரும். நூற்றுக்கணக்கான பகுதிகளுக்குக் கையால் செய்ய இயலாத இவ்வேலையைக் கணிப்பொறி விரைவில் முடித்துவிடுகிறது.

ஒரு வினைக்கு இரண்டு வேகங்கள்

கணிப்பொறி கணக்கில் தவறுவதில்லை. ஆயினும் அதற்கு நாம் கொடுக்கும் விவரம் பொருந்தாவிடில் விடையும் பொருந்தாது. இதற்கு உள்மாற்றத்தின் வேகமே சிறந்த எடுத்துக்காட்டு.

1989ஆம் ஆண்டில் ஷூ, ஃபுரோமன்ட் என்ற இரு விஞ்ஞானிகள், இரசாயனத் தொழிற்சாலைகளில் உபயோகமாகும் நிக்கல் ஊக்கியின்மேல் மீதேன் மாறும் வேகத்தை ஆராய்ந்து வெளியிட்டனர். 1994இல் ஜெர்மனியின் யூலிச் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஆக்கன்பாக், ரீன்ஷே என்பவர்கள், மின்கலத்திற்கு உரிய நிக்கல்–ஸிர்க்கோனியாவின்மேல் அதை ஆராய்ந்தனர். உஷ்ணம் ஏற ஏற வேகம் எவ்வளவு கூடும் என்பதைக் காட்டும் எண் ஒன்று உண்டு. முதல் ஆய்வில் அது ஏறத்தாழ 240 கிலோஜூல்; இரண்டாவதில் 82 கிலோஜூல்.

இவ்வேறுபாட்டின் விளைவை நாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். 800 டிகிரியிலிருந்து 900 டிகிரிக்கு உஷ்ணம் ஏறினால், 82 என்ற எண்ணின்படி வேகம் இரு மடங்குக்குச் சற்று அதிகமாகும். 240 என்ற எண்ணின்படி ஏறக்குறையப் பத்து மடங்காகும். ஒரு கணக்கு தலைமடையில் மிதமான குளிர்ச்சியைக் காட்டலாம். மற்றது வேறொரு படத்தைக் காட்டும். இரண்டு ஆய்வுகளும் தத்தம் பொருளுக்கு உரியவை. தொழிற்சாலை ஊக்கிக்கு உரிய எண்ணை மின்கலத்திற்கு எடுத்தாள்வது, களிமண் நிலத்தில் நீர் உறிஞ்சும் அளவை மணல் நிலத்திற்கு வைத்துப் பாசனம் திட்டமிடுவது போன்றதாகும். எந்தக் கணக்கைக் கண்டாலும், அதில் வைத்த எண் எந்தப் பொருளில், எந்த நிலையில் அளக்கப்பட்டது என்று கேட்பது அறிவுடைமை.

கணக்கின் தணிக்கை

ஊராட்சியின் கணக்குக்குத் தணிக்கை இருப்பதைப் போல, கணித மாதிரிக்கும் தணிக்கை உண்டு. 1990களில் சர்வதேச எரிசக்தி முகாமையின் ஆதரவில் ஒரு பொதுப் பரீட்சை நடத்தப்பட்டது. பத்து சென்டிமீட்டர் சதுரமுள்ள ஒரு மின்கலத்தின் விவரங்கள், 900 டிகிரி நுழைவு உஷ்ணம், நூற்றுக்கு 85 பங்கு எரிபொருள் உபயோகம் ஆகியவற்றுடன் பல நாடுகளின் ஆராய்ச்சிக் குழுக்களிடம் கொடுக்கப்பட்டன. ஒரு முறை ஹைட்ரஜனுக்கும், மற்றொரு முறை ஒரு பகுதி முன்னரே மாற்றப்பட்ட மீதேனுக்கும் அவை தனித்தனியே கணக்கிட்டு விடைகளை ஒப்பிட்டன. இன்றும் புதிய மாதிரி அமைப்பவர்கள் தங்கள் விடையை அவ்விடைகளுடன் வைத்துப் பார்ப்பது வழக்கமாக உள்ளது. எனினும் பல கணக்கர்கள் ஒத்த விடை கூறுவது மட்டும் போதாது. அளந்து கண்ட மின்கலத்துடனும் அது ஒத்திருக்கவேண்டும்.

இத்தகைய மாதிரி நமக்குக் கற்பிப்பது யாது? 2004இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்த அகியார், அட்ஜிமான், பிராண்டன் ஆகியோர் வெளியிட்ட ஆய்வைக் காண்போம். நூற்றுக்குப் பத்துப் பங்கு முன்னரே மாற்றப்பட்ட மீதேனும் காற்றும் 750 டிகிரியில் ஒரே திசையில் செல்வதாகவும், எரிபொருளில் நூற்றுக்கு 75 பங்கு உபயோகமாவதாகவும் அவர்கள் கணக்கிட்டனர். மின்னழுத்தம் 0.66 வோல்ட் என்றும், எரிபொருளின் சக்தியில் நூற்றுக்கு 47 பங்கு மின்சாரமாகும் என்றும் விடை வந்தது. இழப்புகளுள் பெரியது காற்றுப் பக்கத்து மின்வாயில் என்றும் தெரிந்தது. பிறகு காற்றை எதிர்த் திசையில் செலுத்திக் கணக்கிட்டபொழுது, உஷ்ணநிலை இடத்திற்கு இடம் செங்குத்தாக மாறுவதும், மின்னோட்டம் ஒழுங்கின்றிப் பரவுவதும் வெளிப்பட்டன. எதிர்த் திசையில் வரும் காற்று, கலம் முழுவதும் சூடேறி எரிவாயுவின் வாயிலை அடைகிறது. அங்கு உள்மாற்றம் இன்னும் விரைவாகிறது. ஒரு கலத்தைக்கூட உடைக்காமல் இவ்வுண்மையை அவர்கள் கணக்கினால் அறிந்தனர். கணித மாதிரியின் பெரும்பயன் இதுவே.

தலைமடைக் குளிர்ச்சியைத் தணிக்கும் வழிகளையும் கணக்கு காட்டுகிறது. மீதேனில் ஒரு பகுதியை முன்னரே மாற்றி அனுப்பலாம். வெளியேறும் வாயுவில் ஒரு பகுதியைத் திருப்பி நுழைவாயிலில் கலக்கலாம். அதிலுள்ள நீராவியும் உபயோகமாகும். வாயிலில் உள்ள நிக்கலின் வேகத்தைக் குறைத்து, மாற்றம் நீளம் முழுவதும் பரவச் செய்யலாம். எந்த வழியானாலும் நீராவியின் அளவைக் குறைத்துவிடலாகாது. மீதேனைப்போல் இரண்டு முதல் மூன்று மடங்கு நீராவி சேர்ப்பது வழக்கம். நீராவி குறைந்தால் மீதேனிலுள்ள கரி நிக்கலின்மேல் படிந்து, துளைகளை அடைத்துவிடும்.

கணக்கில் கண்டதைக் களத்திலும் கண்டிருக்கிறார்கள். நெதர்லாந்தின் வெஸ்டர்வோர்ட் என்னுமிடத்தில் 1997ஆம் ஆண்டின் இறுதியில் 100 கிலோவாட் அளவுள்ள பீங்கான் மின்கல நிலையம் ஒன்று இயற்கை எரிவாயுவைக் கொண்டு இயக்கப்பட்டது. அது 16,000 மணிக்கு மேற்பட்டு உழைத்து, எரிபொருளின் சக்தியில் நூற்றுக்கு 46 பங்கை மின்சாரமாகத் தந்தது.

சாண எரிவாயுவுக்கு இது பொருந்துமா?

ஒரு கிலோ பசுஞ்சாணத்திலிருந்து ஏறத்தாழ 0.04 கன மீட்டர் எரிவாயு கிடைக்கும். 25 கிலோ சாணத்திற்கு ஒரு கன மீட்டர். அதில் நூற்றுக்கு 60 பங்கு மீதேன் என்று கொண்டால், மீதேனின் எடை 400 கிராம். மேலே கண்ட கணக்கின்படி மின்கலம் அதிலிருந்து மூன்று யூனிட் தரும். இயந்திரம் ஒன்றரை யூனிட்டுக்கும் சற்றுக் குறைவாகவே தரும்.

எஞ்சிய 40 பங்கில் பெரும்பாலானது கரியமில வாயு. அதுவும் நிக்கலின்மேல் மீதேனுடன் சேர்ந்து ஹைட்ரஜனைத் தரவல்லது. ஆனால் அவ்வினை 16 கிராம் மீதேனுக்கு 247 கிலோஜூல் உஷ்ணத்தை உறிஞ்சும். நீராவியுடன் நடக்கும் முதல் வினைக்கோ 206 கிலோஜூலே வேண்டும். எனவே குளிர்ச்சி கூடும். மேலும் 60 பங்கு மீதேனுக்கு 40 பங்கு கரியமில வாயு போதாது; நீராவியும் சேர்த்தாக வேண்டும். இல்லையேல் கரி படியும்.

எல்லாவற்றினும் பெரிய எதிரி, அழுகிய முட்டை நாற்றம் வீசும் ஹைட்ரஜன் சல்பைடு. சுத்தம் செய்யாத எரிவாயுவில் அது பத்து லட்சத்தில் நூற்றுக்கணக்கான பங்குகள் முதல் ஆயிரக்கணக்கான பங்குகள் வரை இருக்கும். பத்து லட்சத்தில் ஒருசில பங்குகளே நிக்கலின் ஆற்றலைக் குன்றச் செய்யப் போதும். இயந்திரம் தாங்கும் அசுத்தத்தை மின்கலம் தாங்காது. இத்தாலி நாட்டில் துரின் நகருக்கு அருகிலுள்ள கொலெஞ்ஞோ கழிவுநீர் நிலையத்தில், கழிவிலிருந்து எடுத்த எரிவாயுவைக் கொண்டு, ஏறத்தாழ 58 கிலோவாட் அளவுள்ள பீங்கான் மின்கலத் தொகுதி 2017இல் இயக்கிக் காட்டப்பட்டது. அங்கும் வாயுவைக் கரித்தூளின் வழியே செலுத்திச் சுத்தம் செய்த பின்னரே கலத்திற்கு விட்டார்கள்.

ஆகவே முடிவாக நாம் கூறக்கூடியது இது: சாண எரிவாயு மின்கலத்திற்கு ஏற்ற எரிபொருளே. ஆனால் வாயு இடைவிடாது வரவேண்டும், சுத்தமாக இருக்கவேண்டும், கலத்தை அடிக்கடி குளிரவிட்டு மீண்டும் சூடாக்குதல் கூடாது. ஒரு வீட்டின் சிறு தொட்டிக்கு இது ஏற்றதன்று. பால் பண்ணை, பெரிய கழிவுநீர் நிலையம் போன்ற, வாயு ஒரே சீராகப் பெருகும் இடங்களுக்கே பொருந்தும்.

உறுப்பினர்கள் கேட்க வேண்டிய கேள்விகள்

புதிய சாதனத்தைப் புகழ்ந்து பேசுவோர் பலர் வருவர். அவர்களிடம் பின்வரும் ஐந்து கேள்விகளைக் கேட்டல் நன்று.

1. எரிபொருளின் சக்தியில் எத்தனை பங்கு மின்சாரமாகும் என்று கூறும் கணக்கில், காற்றூதி முதலிய துணைச் செலவுகள் கழிக்கப்பட்டனவா? வரவும் செலவும் ஒத்த ஐந்தொகையைக் காட்ட முடியுமா?

2. மாற்றம் உள்ளே நடைபெறுகிறதா, வெளியே நடைபெறுகிறதா? உள்ளே எனில், தலைமடைக்கும் மிகச் சூடான இடத்திற்கும் உஷ்ண வேற்றுமை எவ்வளவு?

3. கணக்கில் வைத்த எண்கள் இதே வகைக் கலத்தில் அளக்கப்பட்டவையா? விடையை நடைமுறையில் ஒப்பிட்டுப் பார்த்ததுண்டா?

4. நம் ஊர் வாயுவைச் சோதித்து, அதன் மீதேன், கரியமில வாயு, ஹைட்ரஜன் சல்பைடு அளவுகளைக் கொண்டு கணக்கிட்டீர்களா? அல்லது சுத்தமான இயற்கை எரிவாயுவுக்குச் செய்த கணக்கா?

5. சாணம் குறையும் மாதத்தில் வாயு பாதியாகிவிட்டால் கலம் என்னவாகும்? அந்நிலைக்கும் கணக்கு உண்டா?

இவற்றுக்குத் தெளிவான விடை கிடைக்குமாயின் மேலே பேசலாம். கிடைக்காவிடில், பொதுப்பணத்தைச் செலவிடுமுன் பொறுத்திருத்தலே முறை.

கணிதம் கற்றோருக்கு மட்டும் உரியது என்று எண்ணி நாம் ஒதுங்கவேண்டுவதில்லை. வந்தது, சென்றது, மாறியது, இருப்பது ஆகிய நான்கையும் ஒழுங்காக எழுதுவதே கணித மாதிரியின் உயிர்நாடி. அதைப் பாத்தி பாத்தியாக எழுதி, எண்ணின் மூலத்தை விசாரித்து, அளந்து சரிபார்ப்பவர் ஏமாறமாட்டார். ஏரிக் கணக்கை வைத்துப் பழகிய நம் கைக்கு இந்தக் கணக்கும் எட்டாததன்று.